முதல் ஐந்து நிமிடம்: ஸ்டாண்ட்-அப், பாட்டு, நடிப்பு மூன்றையும் தொட நினைப்பவர்களுக்கு

யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து மேடையேறலாம் என்கிற ஓப்பன் மைக் முடிந்து காபி ஷாப்பில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருவர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து நிற்பார். "அண்ணா, எனக்குக் காமெடி வரும். கொஞ்சம் பாடுவேன். நடிக்கவும் ஆசை. எதுல முதல்ல இறங்கறது?" நாற்காலி அடுக்கும் அவசரத்தில் ஒழுங்காகப் பதில் சொன்னதே இல்லை. அதனால் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் என் யோக்கியதை. சென்னையில் பகலில் ஆபீஸ், ராத்திரியில் மைக். கையில் ஒரு யூகுலேலே உண்டு. இரண்டு படங்களில் இருக்கிறேன். ஒன்றில் என் முதுகு மட்டும். பெரிய ஆள் இல்லை. ஆனால் ஆரம்பத்தில் செய்யக்கூடிய தப்புகளில் முக்கால்வாசியைச் செய்து முடித்தவன். அந்தத் தகுதியில் சொல்கிறேன்: பாட்டு, நடிப்பு இரண்டையும் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, ஐந்து நிமிட ஸ்டாண்ட்-அப் தயார் பண்ணுங்கள். வேஷம் இல்லாமல், இசை இல்லாமல், முன்பின் தெரியாத இருபது பேரைச் சிரிக்க வைக்கும் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் நீங்கள் யார் என்பது தெரிந்துவிட்டால் பாடப்போவதும் அந்த ஆள்தான், நடிக்கப்போவதும் அந்த ஆள்தான்.

மூன்றும் சேர்ந்த கலைஞர் நமக்குப் புதிதில்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்ன செய்கிறான்? கதைக்குள் நடிக்கிறான், பாடுகிறான், அப்படியே திரும்பி முன்வரிசையில் தூங்குகிறவரை வம்புக்கு இழுக்கிறான். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டில் தொடங்கி, நாடகக் கம்பெனி வழியாகச் சினிமாவுக்கு வந்தவர். 1949இல் 'நல்ல தம்பி' படத்தில் அவர் நிகழ்த்திய கிந்தனார் காலட்சேபத்தை இணையத்தில் தேடிப் பாருங்கள். எல்லோருக்கும் தெரிந்த நந்தனார் கதையின் அச்சை எடுத்து, படிக்க ஆசைப்பட்டு ரயிலேறும் ஒரு பையனின் கதையை அதில் வார்த்திருப்பார். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் படித்த சந்திரபாபு பாடினார், ஆடினார், சிரிக்க வைத்தார். யோடலிங் என்ற ஐரோப்பியக் குரல் வித்தையைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்தார்.

நம் காலத்தில் சிவகார்த்திகேயன் இருக்கிறார். 'கலக்கப்போவது யாரு'வில் மிமிக்ரி, அப்புறம் தொலைக்காட்சித் தொகுப்பாளர், 2012இல் 'மெரினா', அதற்கப்புறம் பாடுவது, பாட்டு எழுதுவது என்று போனார். அலெக்சாண்டர் பாபு சாஃப்ட்வேர் வேலையிலிருந்து வந்தவர். தமிழ் சினிமாப் பாடகர்களையும் இசையமைப்பாளர்களையும் பற்றிப் பேசிப் பாடிச் சிரிக்க வைத்த அவருடைய நிகழ்ச்சி 2019இல் அமேசான் பிரைமில் வந்தது. அமெரிக்காவில் ஸ்டீவ் மார்ட்டின் கதை இன்னும் சுவாரசியம். 18 வருடம் ஸ்டாண்ட்-அப் செய்தவர். அதில் பத்து வருடம் கற்றுக்கொள்வதிலேயே போனதாக எழுதியிருக்கிறார். கூட்டம் நிரம்பி வழிந்துகொண்டிருந்த நேரத்தில், 1981இல், அதை விட்டுவிட்டு நடிக்கப் போனார். காமெடி மேடையில் தோளில் மாட்டியிருந்த பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியத்தை மட்டும் விடவில்லை. 2009இல் வந்த அவருடைய பாஞ்சோ ஆல்பம் அடுத்த வருடம் கிராமி வாங்கியது. பத்து வருடம் என்ற அந்தக் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டாவது மாதத்தில் மனம் உடையும்போது உதவும்.

முதல் வேலை: எழுதுவது

நண்பர்கள் மத்தியில் சிரிக்க வைப்பதும் மேடையில் சிரிக்க வைப்பதும் வேறு வேறு. நண்பர்களுக்கு உங்கள் மாமாவைத் தெரியும். மேடைக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. முப்பது நொடியில் அந்த மாமாவை நிறுத்திக் காட்ட வேண்டும். அதனால் எழுதித்தான் ஆக வேண்டும்.

எதை எழுதுவது? வாட்ஸப்பில் வந்த ஜோக்கை எழுதாதீர்கள், கூட்டத்துக்கும் அது வந்திருக்கும். உங்களுக்கு எரிச்சல் தருவது எது, எதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று பட்டியல் போடுங்கள். சிரிப்பு பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

நான் எழுதிய ஒன்றையே பிரித்துக் காட்டுகிறேன். வேளச்சேரியில் பேச்சிலராக வீடு தேடிய காலம். ஹவுஸ் ஓனர் நிபந்தனைகள் போட்டார்: கறி சமைக்கக் கூடாது, நண்பர்கள் உள்ளே வரக் கூடாது, ராத்திரி பத்து மணிக்கு மேல் நானே உள்ளே வரக் கூடாது, கேட் பூட்டிவிடுவார். இதை முதல்முறை மேடையில் இப்படி முடித்தேன்:

"'வாடகை மட்டும் உள்ள வரலாமா சார்'னு அந்த ஹவுஸ் ஓனர்கிட்ட நான் கேட்டேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களும் 'கேட்டேன்' சொல்வதற்கு முன்பே சிரித்து, நான் இன்னும் பேசுகிறேன் என்று மரியாதைக்காக நிறுத்திவிட்டார்கள். தப்பு ஜோக்கில் இல்லை, வாக்கிய வரிசையில். தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து உட்காரும். எழுத்தில் அது அழகு. மேடையில் பன்ச் மேல் விழும் போர்வை. சிரிப்பு வரவேண்டிய சொல்லுக்குப் பிறகு ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது. மாற்றினேன்:

"நான் கேட்டேன்... 'சார், அப்ப உள்ள வரலாமா... வாடகை?'"

அதே ஜோக், அதே காபி ஷாப், அடுத்த வாரம். இப்போது மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். பேச்சுத் தமிழ் இந்த விஷயத்தில் தாராளமானது. "வந்துட்டான் அவன்", "வாங்கிக் கொடுத்தாரு எனக்கு" என்று சொற்களை முன்னே பின்னே தள்ள விடும். ஒவ்வொரு ஜோக்கையும் எழுதி முடித்ததும் கடைசிச் சொல்லின் கீழே கோடு போட்டுப் பாருங்கள். அந்தச் சொல்லில் சிரிப்பு இல்லையென்றால் வரிசையை மாற்றுங்கள்.

அதற்கு மேல் சேர்ப்பது டேக், அதாவது வந்த சிரிப்பு அடங்குவதற்குள் போடும் வால். "ஓனர் யோசிச்சாரு. 'வரலாம் தம்பி. அது எத்தனை மணிக்கு வந்தாலும் கேட் திறந்திருக்கும்.'" பத்து மணிக் கேட்டை முன்னாடியே சொல்லி வைத்ததால்தான் இந்த வால் வேலை செய்கிறது. முன்னாடி விதைக்காததைப் பின்னாடி அறுக்க முடியாது.

கடைசியாகக் கால்பேக், அதாவது முன்னாடி சொன்ன ஒன்றைப் பின்னாடி எதிர்பாராத இடத்தில் திரும்பக் கொண்டுவருவது. இரண்டு நிமிடம் கழித்து அம்மா பற்றிப் பேசுகிறேன். ஊரிலிருந்து மூட்டை முடிச்சோடு பஸ் தாமதமாகிப் பதினொரு மணிக்கு வந்து இறங்குகிறார். கேட் பூட்டியிருக்கிறது. தட்டிப் பார்த்தார், கூப்பிட்டுப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் எங்கம்மா ஒரே ஒரு வார்த்தைதான் கத்தினார்: "வாடகை!" செட்டை, அதாவது மேடையில் சொல்லும் மொத்தத் தொகுப்பை, இப்படி ஒன்றில் முடித்தால், நடுவில் இரண்டு ஜோக் சொதப்பியிருந்தாலும் கூட்டம் மன்னித்துவிடும்.

எழுதியதை மனப்பாடம் செய்து ஒப்பிக்காதீர்கள். ஆரம்ப வரியும் கடைசி வரியும் எழுத்துக்கு எழுத்து நினைவில் இருக்கட்டும். நடுவில் உள்ளவற்றுக்கு ஆளுக்கொரு சொல் போதும். ஓனர், கேட், அம்மா. உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போகாதீர்கள், வியர்வையில் அழியும். எனக்கு அழிந்தது.

ஓப்பன் மைக்

சென்னை, கோவை, பெங்களூரு போன்ற ஊர்களில் காபி ஷாப், சின்ன அரங்கம், மொட்டை மாடி என்று ஏதாவது ஓர் இடத்தில் நடந்துகொண்டேயிருக்கும். நடத்துகிறவர்கள் பெரும்பாலும் இன்ஸ்டாகிராமில் அறிவிப்பு போட்டு, ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். ஆளுக்கு நான்கைந்து நிமிடம். முதல்முறை பெயர் கொடுக்காமல் போய் வெறுமனே உட்கார்ந்து பாருங்கள். பார்வையாளர் என்று நீங்கள் நினைக்கும் கூட்டத்தில் பாதிப் பேர் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும் காமிக்குகள், அதாவது ஸ்டாண்ட்-அப் செய்கிறவர்கள், என்பது அப்போது புரியும். அவர்கள் சிரிக்க மாட்டார்கள். கோபம் இல்லை; உதட்டை அசைத்து அவரவர் வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் முறை வந்ததும் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். ஸ்டாண்டிலிருந்து மைக்கை எடுத்தால், ஸ்டாண்டைத் தூக்கி உங்கள் பின்னால் வைத்துவிடுங்கள். முன்னாலேயே நின்றால் கூட்டத்துக்கும் உங்களுக்கும் நடுவில் வேலி போட்டது மாதிரி இருக்கும். மைக் தலையைக் கையால் மூடிப் பிடிக்காதீர்கள், வீலென்று ஊளையிடும். வாய்க்கு நேராக, இரண்டு விரல் தூரத்தில் வையுங்கள். பின்னால் யாராவது செல்போன் லைட்டைக் காட்டினால் இன்னும் ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்று அர்த்தம். அந்த லைட்டை மதியுங்கள். நேரத்தைத் தாண்டுகிறவரை நடத்துகிறவர் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்ல மாட்டார், அடுத்த வாரப் பட்டியலில் பெயர் இருக்காது, அவ்வளவுதான்.

நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்பது என் கட்சி. வேறு விதமாகச் சொல்கிறவர்களும் உண்டு. என் நண்பர்கள் ஏழு பேர் வந்து நான் மைக்கைத் தொட்டதற்கே சிரித்தார்கள். நான் கொடி நாட்டிவிட்டதாக நினைத்தேன். அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை, அதே ஐந்து நிமிடம், ஒரு சத்தமும் இல்லை. காபி மெஷின் மட்டும் புஸ்ஸென்றது. அந்த மௌனத்தில் நான் அவசரப்பட்டு, ஐந்து நிமிடத்தை மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு இறங்கினேன். இறங்கி நேராக வெளியே போய் வண்டியை எடுத்துவிட்டேன். அது இரண்டாவது தப்பு. உங்களுக்கு அப்புறம் ஏறுகிறவர்களையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்தத் தொழிலில் நினைவில் வைத்துக்கொள்ளப்படும் முதல் மரியாதை அதுதான்.

ஒவ்வொரு தடவையும் போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். மறுநாள் பஸ்ஸில் கேளுங்கள். சிரிப்பு வந்தது என்று நீங்கள் நினைத்த இடத்தில் வந்திருக்காது; நீங்கள் கவனிக்காத ஓர் இடத்தில் யாரோ ஒருவர் பொட்டென்று சிரித்திருப்பார். அங்கே தோண்டுங்கள். ஐந்து நிமிடம் நிற்பதற்கு எனக்கு நாற்பது தடவைக்கு மேல் ஏற வேண்டியிருந்தது. சிலருக்குக் குறைவாகவும் ஆகலாம்.

மொழி பற்றி ஒன்றே ஒன்று. உங்கள் ஊர்ப் பேச்சைக் கழுவித் துடைக்காதீர்கள். மதுரைக்காரர் சென்னை காபி ஷாப்புக்காகப் பேச்சை மாற்றும்போது அவரோடு சேர்ந்து ஜோக்கும் பலமிழக்கும். புரியாத ஒரு சொல் இருந்தால் அதை விளக்குவதையே ஜோக்காக்கலாம்.

பாட்டு எப்போது உள்ளே வரலாம்

ஐந்து நிமிடம் தானாக நிற்கத் தொடங்கிய பிறகு. இதில் நான் கொஞ்சம் பிடிவாதம். கையில் வாத்தியம் இருந்தால் கூட்டம் மரியாதையாகக் கைதட்டும். அந்தக் கைதட்டலைச் சிரிப்பு என்று நினைத்து ஏமாந்துபோன இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும். முதல் ஆள் நான்தான். சோதனை சுலபம்: பாட்டின் வரிகளை மெட்டில்லாமல் வெறுமனே சொல்லிப் பாருங்கள். சொன்னாலே சிரிப்பு வந்தால், பாடினால் இரட்டிப்பாகும். சொன்னபோது வராதது பாடும்போதும் வராது.

ஹவுஸ் ஓனர் ஜோக்கைப் பாட்டாக்கியபோது இப்படி வந்தது:

கறிவாசம் கீழ வரக் கூடாது
கூட்டாளி எவனும் வரக் கூடாது
பத்துக்கு மேல நீயே வரக் கூடாது
வாடகை மட்டும்...
வராமப் போகக் கூடாது!

நமக்கு எதுகை, மோனை, இயைபு என்று தொட்டிலிலேயே பழக்கம். முதல் மூன்று வரி ஒரே மாதிரி முடிந்தால் நான்காவதும் அப்படித்தான் முடியும் என்று காது தயாராகிவிடும். அந்தத் தயார் நிலையில்தான் காலை வார வேண்டும். 'வாடகை மட்டும்' என்றதும் நான் மீட்டுவதை நிறுத்திவிடுவேன். கடைசி வரி வாத்தியமில்லாமல் தனியாக வரும். சிரிப்பு வரவேண்டிய சொல் யூகுலேலேயின் கீழே நசுங்கிக் கிடந்தால் யாருக்கும் கேட்காது. அப்புறம், பல்லவியை அப்படியே திருப்பிப் பாடாதீர்கள். தெரிந்த ஜோக்குக்கு இரண்டாவது தடவை சிரிப்பு வராது. திரும்பி வரும்போது ஒரு சொல்லாவது மாறியிருக்க வேண்டும்.

சுருதியைத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் யாராவது பாட்டு வாத்தியார் இருந்தால் இரண்டு வகுப்பிலேயே உங்கள் கட்டையை, அதாவது உங்கள் குரலுக்கு ஏற்ற சுருதி அளவை, சொல்லிவிடுவார். பொதுவாக ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு. பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை, ஆறு. நகைச்சுவைப் பாட்டை அதைவிட அரைக் கட்டை இறக்கியே வைத்துக்கொள்ளுங்கள். மேடைப் பதற்றத்தில் தொண்டை காயும். கூட்டத்துக்கு உங்கள் உச்சஸ்தாயி வேண்டாம், சொல் தெளிவாகக் கேட்டால் போதும்.

வாத்தியம் என்றால் ஆரம்பத்துக்கு யூகுலேலே வசதி. நாலே நரம்பு, பைக்கில் மாட்டிக்கொண்டு போகலாம். சி, எஃப், ஜி என்று மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடித்தால் நிறையப் பாட்டு ஓடும். கீபோர்டுக்கு மேஜை வேண்டும், மிருதங்கத்துக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். ஏசி அறைக்குள் போனதும் நரம்பின் சுருதி மாறும், ஏறுவதற்கு முன் மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள். போனில் கரோக்கி போட்டுப் பாடுவதாக இருந்தால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். பாட்டு நடுவில் டிராக் நின்று, ஸ்பீக்கர் வழியாக என் ரிங்டோன் அடித்தது. கூப்பிட்டது சாட்சாத் அந்த ஹவுஸ் ஓனர். அன்றைக்கு விழுந்த பெரிய சிரிப்பு அதற்குத்தான், ஆனால் தினமும் அவர் கூப்பிட மாட்டாரே.

உரிமை விஷயம் இங்கே வருகிறது. சினிமாப் பாட்டின் மெட்டில் சொந்த வரி போடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். காபி ஷாப்பில் யாரும் கேட்க மாட்டார்கள். டிக்கெட் போட்ட அரங்கில் சினிமாப் பாட்டைப் பாடினால், பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைத்தொகைக்காக ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பின் உரிமம் தேவைப்படும். யார் எடுப்பது என்று அமைப்பாளரிடம் முன்கூட்டியே பேசுங்கள். யூடியூப்பில் ஏற்றினால் மெட்டைக் கண்டுபிடித்து, வருமானம் இசை நிறுவனத்துக்குத் திரும்பிவிடலாம், வீடியோவே முடங்கவும் செய்யலாம். இந்தியச் சட்டப்படி பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும்.

நம்மிடம் யாரும் உரிமை கேட்காத மெட்டுகள் கொட்டிக் கிடக்கின்றன. காவடிச்சிந்து, கும்மி, நொண்டிச்சிந்து, ஒப்பாரி. நகைச்சுவைக்கென்றே பிறந்தது நொண்டிச்சிந்து என்று எனக்கு ஒரு நினைப்பு. ஒப்பாரி மெட்டில் ஆபீஸ் அப்ரைசலைப் பாடிப் பாருங்கள்; முதல் வரியிலேயே அரங்கம் உங்களுடையது.

நடிப்பு

காமிக் என்றால் நடிப்பு தானாக வரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. எனக்கும் இருந்தது. முதல் படத்தில் எனக்கு ஒரு வரி வசனம். சொன்னேன். சொல்லிவிட்டு நின்றேன். "ஏன் நிக்கறீங்க?" என்று மைக்கில் குரல் வந்தது. சிரிப்புக்காகக் காத்திருந்தேன் என்று எப்படிச் சொல்வது? நாற்பது பேர் சுற்றி நிற்கும் படப்பிடிப்பில் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள், சிரித்தால் ஷாட் கெட்டுவிடும். மேடையில் கூட்டம்தான் உங்கள் தாளக்காரர். கேமரா முன்னால் அந்தத் தாளத்தை மனதுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். சில மாதம் கழித்து டப்பிங்கில் அதே வரியைத் திரையில் உள்ள என் உதட்டுக்குள் திணிக்க வேண்டி வந்தது. அன்றைக்கு இருந்த மூச்சு இன்றைக்கு இல்லை. பதினேழாவது தடவைதான் சரி என்றார்கள்.

அதனால் முறையாகக் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து பசுபதி, குரு சோமசுந்தரம் என்று பலர் வந்தார்கள்; விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதப் போனவர். பெரிய குழுவில் இடம் கிடைக்காவிட்டால் உங்கள் ஊரில் வீதி நாடகம் போடுகிறவர்களோடு ஆறு மாதம் சுற்றுங்கள். அடுத்தவர் பேசும்போது கேட்பது என்ற ஒன்றை அங்கேதான் கற்றுக்கொள்வீர்கள். காமிக்குகளுக்கு அது சுத்தமாக வராது. மைக் முழுக்க நம்முடையதாக இருந்து பழகிவிட்டோம் இல்லையா.

வாய்ப்பு தேட அதிகம் செலவு வேண்டாம். நேராக, பக்கவாட்டில், முழு உருவமாக மூன்று போட்டோ, மேக்கப் இல்லாமல். ஜன்னல் வெளிச்சத்தில் போனைப் படுக்கவைத்து எடுத்த ஒரு நிமிட அறிமுக வீடியோ: பெயர், ஊர், உயரம், தெரிந்த மொழிகள், கூடவே உங்கள் செட்டிலிருந்து நன்றாகப் போன ஒரு துண்டு. இன்றைக்கு நிறையத் தேர்வுகள் வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்பும் ஆடிஷனாகத்தான் நடக்கின்றன.

பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ கட்டணம், சங்க உறுப்பினர் கார்டு வாங்கித் தருகிறேன் என்று யார் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். நடித்தால் உங்களுக்குத்தான் அவர்கள் பணம் தர வேண்டும். ஹோட்டல் அறையில், ராத்திரி நேரத்தில் ஆடிஷன் என்றால் போகாதீர்கள். பகலில் ஆபீசில் என்றாலும் கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவதைத் தப்பாக எடுத்துக்கொள்கிற இடம் உங்களுக்கு வேண்டாத இடம்.

இதற்கிடையில் கவனிக்கப்படாத இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, வசனம் எழுத உதவுவது. பன்ச் போடத் தெரிந்த ஆளுக்கு எழுத்து மேஜையில் எப்போதும் இடம் இருக்கும். இன்னொன்று, விளம்பரத்துக்குக் குரல் கொடுப்பது. முகம் தெரியாது, வாடகை கட்டலாம்.

ஆன்லைனும் சட்டமும்

நல்ல ஜோக்கை உடனே யூடியூப்பில் போட்டுவிட்டால், அப்புறம் டிக்கெட் வாங்கி வருகிறவர்களிடம் எதைச் சொல்வீர்கள்? கூட்டத்தோடு அந்த நேரத்தில் பேசிய துண்டுகளை ரீலாகப் போடுங்கள், எழுதிய செட்டைப் பத்திரமாக வையுங்கள். யூடியூப் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். கூடவே 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையோ, 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வையோ வேண்டும். ஓடிடி வாசலும் திறந்துதான் இருக்கிறது: 2020இல் அமேசான் பிரைம் 'காமிக்ஸ்தான் செம்ம காமெடி பா' என்று தமிழுக்கென்றே ஒரு போட்டி நடத்தியது. பிரவீன் குமார், கார்த்திக் குமார், ராஜ்மோகன் ஆறுமுகம் மூவரும் அதில் நடுவர்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 2021 புத்தாண்டு அன்று ஸ்டாண்ட்-அப் கலைஞர் முனாவர் ஃபரூக்கி இந்தூரில் நிகழ்ச்சி நடத்தப் போன இடத்தில் கைதாகி, உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. மதம், சாதி, தலைவர்கள் பற்றிப் பேசும் ஜோக் உங்களிடம் இருந்தால், யாரை அடிக்கிறோம் என்று நீங்களே தெளிவாகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சொல்ல முடிந்தால் அந்த ஜோக்குக்காக நிற்கலாம். சொல்ல முடியாவிட்டால் அது இன்னும் எழுதி முடியவில்லை.

காசு

ஓப்பன் மைக்கில் காசு கிடையாது. சில இடத்தில் நீங்கள்தான் ஒரு காபி வாங்க வேண்டும். அப்புறம் பத்து நிமிட ஸ்பாட், பெட்ரோல் செலவுக்கு ஏதோ கொடுப்பார்கள். காலேஜ் விழா, அதற்கப்புறம் கம்பெனி நிகழ்ச்சி. கையில் பணம் என்று பார்ப்பது கம்பெனி நிகழ்ச்சியில்தான்.

என் முதல் கம்பெனி நிகழ்ச்சி ஒரு குடும்ப விழா. பிரியாணிக்கும் குலுக்கல் பரிசுக்கும் நடுவில் என்னை ஏற்றினார்கள். வட்ட மேஜைகள், பாதிப் பேர் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் பலூன் பொறுக்கிக்கொண்டு எட்டுக் குழந்தைகள். நான் ஹவுஸ் ஓனர் பற்றிச் சொன்னபோது ஒரு குழந்தை என் பேண்ட்டைப் பிடித்து இழுத்து, "அங்கிள், மேஜிக் எப்போ?" என்றது. அந்த ஒரு வரிக்கு விழுந்த சிரிப்பில்தான் மீதி பதினெட்டு நிமிடத்தை ஓட்டினேன். அப்போதிலிருந்து ஒப்புக்கொள்ளும் முன் கேட்கிறேன்: நாற்காலிகள் மேடையைப் பார்த்து இருக்குமா, சாப்பாடு எப்போது, குழந்தைகள் வருவார்களா, எத்தனை நிமிடம், எதைப் பேசக் கூடாது, வாத்தியத்தை ஸ்பீக்கர் சிஸ்டத்தோடு இணைக்கும் டி.ஐ. பாக்ஸ் இருக்கிறதா. பதிலை வாட்ஸப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாதிப் பணம் முன்பணம். கேபிள் எப்போதும் சொந்தமாக எடுத்துப் போங்கள்.

கம்பெனி பணம் போடும்போது பத்து சதவீதத்தை டி.டி.எஸ். என்று முன்கூட்டியே வரியாகப் பிடித்திருக்கலாம். பான் எண்ணை இன்வாய்ஸில் போடுங்கள், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். வரி குறைவாக இருந்தால் பிடித்தது திரும்பி வரும். சேவைகள் மூலம் வருகிற வரவு வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு. அந்தக் கவலை வரும் நாளில் நீங்கள் எனக்கு அறிவுரை சொல்லலாம்.

வேலையை எப்போது விடுவது? ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணமும், ஒரு மணி நேரத்துக்குச் சொந்த மெட்டீரியலும், அடுத்த மூன்று மாதத்துக்குத் தேதிகளும் சேர்ந்து இருக்கும்போது யோசிக்கலாம் என்பது என் கணக்கு. எனக்கு இந்த மூன்றும் ஒரே நேரத்தில் இன்னும் சேரவில்லை. போன மாதம் என் மேனேஜர் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஷோவுக்கே வந்துவிட்டார். மறுநாள் காலை கூப்பிட்டுக் கை கொடுத்தார். "டைமிங் பிரமாதம்யா. அதே டைமிங்ல ஆபீசுக்கும் வந்துரு."